சந்தனம் வைத்த மேகசின்

எங்கள் வீட்டு பீரோவில், என் பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்துவிட்ட பொருள். கரும்புக் காவலுக்கென்று மாமனார் லைசென்ஸ் எடுத்து வாங்கினாராம். கரும்பு தின்ன வந்த பன்றிகளில் ஒன்றுகூட அதை நேரில் பார்த்ததில்லை. மாமனார் போன பிறகு லைசென்ஸ் என் வீட்டுக்காரர் பெயருக்கு மாறியது. அதிலிருந்து பாகூர் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் 'துப்பாக்கி வூட்டுக்காரரு' என்று முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். மனுஷனுக்கு அதில் ஒரு மிதப்பு. எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். புடவை எடுக்கப் போனால் அதை முதலில் நகர்த்தி வைக்க வேண்டும். சக்களத்தியைக்கூட இத்தனை மரியாதையாக நகர்த்த மாட்டார்கள்.

அது வெளியே வருவது இரண்டே காரணத்துக்கு. ஒன்று ஆயுத பூஜை. இன்னொன்று தேர்தல். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் உள்ளவர்கள் எல்லாரும் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும், முடிந்த பிறகு போய் எடுத்து வரலாம். ஸ்டேஷனுக்குக் கிளம்பும்முன் என் வீட்டுக்காரர் ஒரு சடங்கு செய்வார். கூடத்தில் உட்கார்ந்து, அடியில் இருக்கும் மேகசினைக் கழற்றித் தரையில் வைப்பார். பிறகு துப்பாக்கியைச் சுவர்ப்பக்கம் நீட்டி விசையை ஒருமுறை 'டக்' என்று தட்டுவார். "பாத்துக்க, காலி" என்பார். அவர் அப்பா சொல்லிக் கொடுத்த முறை அது. நான் அடுப்படியிலிருந்தே "பாத்துக்கிட்டேன்" என்று சொல்வேன். மேகசின் என்பது குண்டுகளை அடுக்கி வைக்கும் தகரக் கூடு, அது வெளியே வந்துவிட்டால் துப்பாக்கி வெறும் இரும்பு. அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்திருந்தோம்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எங்கள் ஒரே மகள் வீட்டில் இருந்தாள். உறுவையாறு என்ற ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவத்துக்கு வளைகாப்பு போட்டு அழைத்து வந்திருந்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிறாள் என்பதால் பூஜையைக் கொஞ்சம் பெரிதாகவே செய்தேன். டிராக்டரைக் கழுவி மாலை போட்டோம். மண்வெட்டி, கரும்பு வெட்டுகிற கத்தி, மருந்தடிக்கும் ஸ்பிரேயர், என் தையல் மெஷின், மிக்ஸி, மகளின் லேப்டாப் எல்லாவற்றுக்கும் பொட்டு. துப்பாக்கிக்கு மட்டும் தனி வாழையிலை. கழற்றி வைத்தால் இரண்டு பொருள் ஆயிற்றே என்று, மேகசினுக்கும் நாலு பக்கமும் சந்தனம் வைத்தேன். கடையில் விற்கிற சந்தனப் பொடியில் என்ன மாவைக் கலக்கிறார்களோ, காய்ந்தால் சுண்ணாம்பு மாதிரி பிடித்துக்கொள்ளும். அதைத்தான் தாராளமாக அப்பினேன்.

பூஜையில் காலிப் பாத்திரம் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மரக்காலில் நெல் இருக்க வேண்டும், பர்சில் ஒரு ரூபாயாவது இருக்க வேண்டும், ஸ்பிரேயரில் தண்ணீராவது ஊற்றி வைக்க வேண்டும். மற்ற வருஷங்களில் மேகசினை அப்படி யோசித்ததில்லை. அந்த வருஷம் மகள் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள், எனக்கு எதையும் காலியாகப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"ஏங்க, அதுல ஒன்னே ஒன்னு போட்டு வைங்க. புள்ளத்தாச்சி இருக்கற வூட்ல வெறுமன வைக்கக் கூடாது" என்றேன்.

சொன்னது நான்தான். அவர் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துக் கொடுத்தார். அதற்கும் ஒரு பொட்டு சந்தனம், அதன்மேல் குங்குமம் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். மேகசினுக்குள் அழுத்தி வைத்தார். கற்பூரம் காட்டியதும் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து எங்கள் காலைத் தொட்டாள். கைநிறைய அட்சதையை அள்ளி அவள் தலையில் தூவினேன். பாதி அரிசி அவள் தலையிலும், பாதி படையல்மேலும் விழுந்தது. அன்றைக்கு எனக்கு அத்தனை சந்தோஷம்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த சாமான்களை அன்று காலையில் எடுத்து ஒருதரம் ஓட்ட வேண்டும், சும்மா எடுத்து உள்ளே வைக்கக் கூடாது. நான் தையல் மெஷினில் ஒரு முழத்துக்குத் தையல் ஓட்டினேன். மகள் லேப்டாப்பைத் திறந்து மூடினாள். டிராக்டர் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியது. கடைசியில் மேகசினை அவர் கைப்பிடிக்குள் செருகினார். தடிமனாக அப்பியதில் இன்னும் காயாத சந்தனம் வழுக்க, உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டித்தான் உள்ளே போனது. அப்படியே பீரோவுக்கு எடுத்துப் போனவரை நான்தான் நிறுத்தினேன்.

"எல்லாத்தையும் ஓட்டியாச்சி. அத்த மட்டும் வுட்டா அது கோச்சிக்காது?"

சிரித்தார். மேல் பக்கத்தை ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். 'சளக்' என்று முன்னால் போய் நின்றது. "ஓட்டியாச்சிடி, போதுமா?" என்று, விசையைப் பூட்டி வைக்கிற சேஃப்டியை மேலே தள்ளிப் புடவைகளுக்கு அடியில் வைத்தார். நானும் திருப்தியோடு பொரி கடலை பங்கு போடப் போய்விட்டேன்.

பிறகு மழைக்காலம் வந்தது. பாகூர் ஏரி நிரம்பியது. மகளுக்கு வலி எடுத்து, ஆஸ்பத்திரி, ஆண் குழந்தை, காப்பு போட்டது, கஷாயம், வசம்பு என்று மாதங்கள் ஓடின. பீரோவை நான் திறந்ததே குழந்தைக்குப் பழைய புடவையில் தூளி கட்டத்தான். கூடத்தை ஒட்டிய அறையில், உத்தரத்திலிருந்து தொங்கவிட்டோம். அந்த அறைக்குக் கதவு கிடையாது, துணித் திரைதான். நான் கூடத்தில் வேலை செய்துகொண்டே கயிற்றை இழுத்து ஆட்டலாம் என்பதற்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

தேர்தல் அறிவித்தார்கள். துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தார், மேகசினை விடுவிக்கும் பொத்தானை அழுத்தினார். மேகசின் வரவில்லை. மறுபடி அழுத்தினார், நகத்தை விட்டு நெம்பினார். அசையவில்லை.

"இன்னாடி இது, வெல்டு வச்ச மாரி கீது."

முதல் நாள் விரலோடு போராடினார். இரண்டாம் நாள் தேங்காய் எண்ணெயை இடுக்கு முழுக்க ஊற்றி, வெயிலில் வைத்து எடுத்தார். அது இன்னும் பிசுக்காகி இறுகியது. "அப்படியே எடுத்துட்டுப் போயி ஸ்டேஷன்ல சொல்லுங்களேன், அவங்க ஆளு கழட்டட்டும்" என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"துப்பாக்கிக்காரனுக்கு மேகசின் கழட்டத் தெரிலன்னு ஊரே சிரிக்கறதுக்கா?"

மூன்றாம் நாள் காலை குறடை எடுத்து வந்தார். தனியாக இழுத்தால் துப்பாக்கியும் சேர்ந்தே வருகிறது என்று என்னைக் கூப்பிட்டார். நான் எதிரே உட்கார்ந்து, வழுக்காமல் இருக்க ஒரு துண்டைச் சுற்றி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். துண்டின் ஒரு நுனி விசை இருக்கும் வளையத்துக்குள் புகுந்திருந்தது, கண்டுகொள்ளவில்லை. துப்பாக்கியின் பின்பக்கம் ஒரு சின்ன இரும்புத் துண்டு பின்னால் மடங்கிக் கிடந்தது. அது எப்போதும் அப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன். வெளிச்சம் வாசல் பக்கத்திலிருந்து வந்ததால் அவர் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். கைப்பிடியின் அடிப்பக்கம் தரையைப் பார்த்திருந்தது. குழாயின் வாய் என் தோளைத் தாண்டி எனக்குப் பின்னால் பார்த்தது. எனக்குப் பின்னால் துணித் திரை. அவர் குறடால் கீழே இழுப்பார், நான் மேலே இழுப்பேன். நடுவில் குழந்தை சிணுங்கினால் ஒரு கையை விட்டுத் தூளிக் கயிற்றை இழுத்துவிட்டு, மறுபடி பிடித்துக்கொள்வேன். ஒரு மணி நேரம் இப்படி நடந்தது. சிரித்துக்கொண்டுகூட இருந்தோம். "கெணத்துல வாளி எடுக்கற மாரி கீது" என்றார் அவர்.

குறடு வழுக்கி அவர் கை கிழிந்ததும்தான் எனக்குக் கோபம் வந்தது. பக்கத்துத் தெருவில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் மிலிட்டரி. பட்டாளத்தில் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைப் பழுது பார்த்தவர். இப்போது அரியாங்குப்பத்தில் ஒரு பேங்கு வாசலில் காவலுக்கு நிற்கிறார். அன்று அவருக்கு லீவு. வீட்டுக்காரரைக் கேட்காமல் நானே போய்க் கூப்பிட்டேன்.

வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். துப்பாக்கி பாயில் கிடந்தது. அதை ஒரு நொடி பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"யாரும் அத்தத் தொடாதீங்க. தங்கச்சி, புள்ளயத் தூக்கிக்கினு உன் பொண்ணு கொல்லப்பக்கம் போவட்டும். இப்பவே."

"ஐய, காலிதாண்ணா. தோட்டா எல்லாம் பெட்டில கீது" என்றார் என் வீட்டுக்காரர்.

"மொதல்ல புள்ளயத் தூக்கச் சொல்லு."

மகள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனாள். மிலிட்டரி துப்பாக்கியை எடுத்த விதத்தைப் பார்த்தேன். விரல் விசைப் பக்கமே போகவில்லை, குழாயின் வாய் தரையைத்தான் பார்த்தது. வாசலில் கட்டட வேலைக்குக் கொட்டி வைத்திருந்த மணல் குவியலுக்கு முன்னால் போய் நின்றார்.

"இதோ பாரு, பின்னாடி அடிக்கற துண்டு மடங்கிக் கீது. ரெடியா நிக்குதுன்னு அர்த்தம். சேஃப்டி பாதி எறங்கிக் கீது. குறடு போட்டியா?"

என் வீட்டுக்காரர் தலையாட்டினார்.

"லைசென்ஸு உன் பேர்ல. ரிப்பேருன்னு நான் இதுல கை வைக்கக் கூடாது, ஸ்டேஷன்லதான் சொல்லியிருக்கணும். ஆனா இந்த நெலமையில இத்த எடுத்துக்கினு பஸ்ஸுல போவச் சொல்லவும் முடியாது. மேகசின் மாட்டிக்கிச்சின்னா பொத்தானப் பாக்கணும், ஸ்பிரிங்கப் பாக்கணும், கூடு நசுங்கிச்சா, அழுக்கு அடைச்சிக்கிச்சான்னு பாக்கணும். அதெல்லாம் அப்பறம். உள்ள ஒன்னு நிக்குதா இல்லியான்னு பாக்காம எத்தயும் இழுக்கக் கூடாது. மேகசின் வேற, கொழா வேற."

மணலைப் பார்த்து நீட்டியபடியே மேல் பக்கத்தைப் பலமாகப் பின்னால் இழுத்தார். எண்ணெய்ப் பிசுக்கில் அது முரண்டு பிடித்து நகர்ந்தது. பக்கவாட்டிலிருந்து ஏதோ ஒன்று பளிச்சென்று எகிறி மணலில் விழுந்தது.

தோட்டா.

மிலிட்டரி மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தார், வேறு எதுவும் வரவில்லை. குனிந்து அதை எடுத்துத் துடைத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பித்தளைமேல் லேசான மஞ்சள் திட்டு, அதன் நடுவே குங்குமக் கறை.

நான் வைத்த பொட்டு. ஐந்து மாதமாக மறந்தே போயிருந்தது இருவருக்கும். பெட்டியில் எத்தனை இருக்கிறதென்று எண்ணிப் பார்க்கவும் தோன்றவில்லை. ஒன்று போட்டு வைக்கச் சொன்னவள் நான். ஒருதரம் ஓட்டச் சொன்னவளும் நான். அந்த ஒரு இழுப்பில்தான் அது கூட்டிலிருந்து ஏறிக் குழாய்க்குள் போய் நின்றிருக்கிறது. காலையில் அதைத் துண்டு சுற்றிப் பிடித்திருந்ததும் என் கைகள்தான். மணல்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மிலிட்டரி என்னைப் பார்க்கவில்லை. கொஞ்சம் மண்ணெண்ணெய் கேட்டார். இடுக்கில் சொட்டுச் சொட்டாக விட்டு, அரைமணி நேரம் அப்படியே வைத்தார். பிறகு பொத்தானை அழுத்திக்கொண்டே ஒரு மரக்கட்டையால் மெல்லத் தட்டினார். மூன்றாவது தட்டில் மேகசின் வழுக்கி வெளியே வந்தது. நாலு பக்கமும் கட்டியாகச் சந்தனம். ஒரு பக்கத்தில், கூட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே, ஆப்பு வைத்ததுபோல் ஊறிக் காய்ந்த ஒரு மஞ்சள் அரிசி. அட்சதை. மகள் தலையில் நான் தூவியதில் ஒன்று.

"இதான் புடிச்சிக்கினு இருந்துக்கிது" என்று நகத்தால் சுரண்டி எடுத்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம் சாதாரணமாகத்தான் கேட்டார். "இது மாட்டிக்காம ஒழுங்கா கழண்டு வந்திருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"இன்னா பண்ணுவேன், கழட்டி வச்சிட்டு, காலின்னு பாக்கறதுக்கு செவுத்துப் பக்கம் ஒரு தட்டு..."

கை தானாக நீண்டு, விரல் தானாக மடங்கியது. அதோடு அப்படியே நின்றுவிட்டார். அவர் தட்டுகிற அந்தச் சுவர்ப்பக்கத்தில்தான் இப்போது துணித் திரையும் தூளியும்.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, "சாமிதான் அரிசி ரூபத்துல வந்து காப்பாத்திச்சி" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "சாமியா? சாமி பேரச் சொல்லித்தான நானும் நீங்களும் அத்த உள்ள ஏத்துனோம்? அரிசி இல்லன்னா இன்னாத்தச் சொல்லியிருப்பீங்க?" கத்திவிட்டேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மிலிட்டரி தோட்டாவை ஒரு காகிதத்தில் மடித்து என் வீட்டுக்காரர் சட்டைப்பையில் போட்டுவிட்டு, "நேரா ஸ்டேஷனுக்குப் போப்பா. நடந்தத நடந்த மாரி சொல்லு" என்றார். அவரும் போனார். யார் சிரித்தார்களோ தெரியாது. தேர்தல் முடிந்தும் அதை எடுத்து வரவில்லை. லைசென்ஸும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போதெல்லாம் கல்யாண வீட்டில் நாங்கள் நடுவரிசையில் உட்காருகிறோம்.

அன்று அவர் ஸ்டேஷனுக்குப் போனதும் நான் கூடத்துக்கு வந்தேன். பாய் அப்படியே கிடந்தது, குறடும் எண்ணெய்க் கிண்ணமும் கிடந்தன. காலையில் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். திரையை யாரோ ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். தூளி நேர் எதிரே, பிள்ளையின் தலை வைக்கும் பக்கம் இந்தப் பக்கமாகவே, என் தோள் உயரத்துக்குத் தொங்கியது. கயிறு என் கைக்கெட்டும் தூரத்தில். காலையில் அதே கயிற்றை ஆட்டிவிட்டுத்தான் மறுபடி பிடித்தேன்.

மகளிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். பச்சை உடம்புக்காரி, பால் வற்றிப் போகும் என்று ஒரு மனசு சொன்னது. ஆனால் அதே காரணத்தைச் சொல்லியே நான் காலம் முழுக்கச் சொல்லாமல் இருந்துவிடுவேன் என்றும் தெரிந்தது. கொல்லையிலிருந்து அவள் பிள்ளையோடு வந்து, அவனைத் தூளியில் கிடத்திவிட்டு, "இன்னாமா, கழண்டுச்சா? எதுக்கு அப்பாவ அப்டிக் கத்துன?" என்று கேட்டபடி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சொன்னேன். ஒன்று போட்டு வைக்கச் சொன்னதையும், ஓட்டச் சொன்னதையும், பிடித்துக்கொண்டதையும் எதையும் விடாமல் சொன்னேன். அழவில்லை. அவளும் அழவில்லை. பாயில் கிடந்த குறடை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எந்தப் பக்கம் பாத்துக்கினு இருந்துச்சி?"

கையைத் தூக்கி விரலை நீட்டிக் காட்டினேன்.

அவள் விரலைப் பார்த்தாள், விரல் காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து, என் விரலுக்கும் தூளிக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.